பாண்டியன் வாங்கிய குதிரைகள்

ரேஸ் குதிரையைப் பார்த்தால் எனக்கு இராமநாதபுரம் கடற்கரைதான் ஞாபகம் வரும். 13ஆம் நூற்றாண்டில் கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் பாண்டிய நாட்டுக் கரைக்கு வர ஒப்பந்தம் இருந்ததாக பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதுகிறார். தலைக்கு 220 பொன் தினார். நடுக்கடலில் செத்தாலும் அரசன் பணம் கொடுத்தாக வேண்டும்!

கரையேறியவையும் பிழைக்கவில்லை. ராஜா வாங்கும் இரண்டாயிரத்தில் வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது என்கிறார் மார்க்கோ போலோ. வைத்தியம் தெரிந்த ஆளில்லை. வியாபாரிகளும் லாடக்காரனை வரவிடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை? பாலும் நெய்யும் ஊட்டிய கதையை வசாஃப் சொல்கிறார். பாசத்துக்குக் குறைவில்லை.

1704இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து இங்கிலாந்து போனது டார்லி அரேபியன் என்ற ஒற்றைக் குதிரை. இன்றைய பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் ஆண்வழி முப்பாட்டன். இங்கே நல்ல குதிரைக்கும் கால் கோணிய குட்டிதான் பிறந்தது என்கிறார் போலோ.