கல்லில் எண்ணிக்கை இருக்கு, பெயர் எங்கே?

1/ கொஞ்சம் நீளமான இழை இது. டீ குடிச்சுக்கிட்டே படிங்க. முதல் உலகப்போர் முடிஞ்சதும், ஆள் அனுப்பிய இந்திய ஊர்களில் பிரிட்டிஷ் அரசு சின்னச் சின்னக் கல்வெட்டுகளைப் பதிச்சது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் பதிச்சாங்க. அந்தக் கல்லைப் பற்றித்தான் பேசப் போறேன்.

2/ அதில் என்ன எழுதியிருக்கும்? ரெண்டே செய்திதான், அதுவும் இங்கிலீஷில். இந்த ஊரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிரை விட்டார்கள். அவ்வளவுதான். போன ஒருத்தர் பேர்கூட அதில் இருக்காது.

3/ "அந்தக் காலத்தில் அப்படித்தான்" என்று சொல்லிவிட முடியாது. 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடுகற்களைக் கண்டெடுத்தாங்க. எழுத்து தமிழி. வயது 2,000 வருஷத்துக்கும் மேல். அதில் ஒரு கல்லில் தீயன் அந்தவன் என்று ஆள் பெயர் இருக்கு. கூடலூர் என்று ஊர் பெயர் இருக்கு. ஆகோள், அதாவது மாடு கவர்ந்த பூசலில் இறந்தார் என்ற காரணமும் இருக்கு.

4/ யோசிச்சுப் பாருங்க. மாட்டுச் சண்டையில் செத்த ஒருத்தருக்கு ஆள், ஊர், காரணம் மூணையும் செதுக்கிய மண் இது. அதே மண்ணில் 1919-க்குப் பிறகு வைத்த கல்லில் வெறும் எண்ணிக்கை.

5/ அப்போ எத்தனை பேர் போனாங்க? இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் சுமார் 13 லட்சம். இறந்தவர்கள் 74,000-க்கும் மேல். சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்கள் மட்டுமில்லை. சப்பர்கள், மூட்டை தூக்கியவர்கள், சமையல்காரர்கள், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் என்று எல்லா வேலைக்கும் ஆள் போனாங்க.

6/ 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய் டாங்கிகளைச் சுட்டது. அந்தப் பேர் இன்னைக்கும் நம்ம வாயில் இருக்கு. "அவன் சரியான எம்டன்"னு சொல்றோம் இல்லையா? நம்மைச் சுட்ட கப்பல் பேர் நிலைச்சிடுச்சு, நமக்காகப் போனவங்க பேர் நிக்கல.

7/ ஒரு டாக்டரா எனக்குப் பிடிச்ச தகவல் ஒண்ணு. அதே வருஷம் மாகாண மக்களிடம் நிதி திரட்டி ஒரு பயணிகள் கப்பலை ஆஸ்பத்திரிக் கப்பலா மாற்றினாங்க. அதுக்குப் பேர் 'மெட்ராஸ்'. காயம்பட்டவர்களைச் சுமந்து கடலில் ஓடியது.

8/ இனி போர்க்களம். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் (இன்றைய தான்சானியா) சுமார் 8,000 பேர் இறங்கினாங்க. அதில் ஒரு படைப்பிரிவின் பெயரே பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. பலர் கைக்குப் புதுத் துப்பாக்கி வந்தே கொஞ்ச நாள்தான். எண்ணிக்கையில் ரொம்பக் குறைவான ஜெர்மன் படையிடம் தோற்றாங்க. நடுவில் காட்டுத் தேனீக்கள் கலைந்து கொட்டியதால் இதுக்கு 'தேனீக்களின் போர்' என்றே பெயர்.

9/ மெசபடோமியா, இன்றைய இராக். கூத் நகரில் 1915 டிசம்பர் 7 முதல் 1916 ஏப்ரல் 29 வரை முற்றுகை. இங்கே சாப்பாடே எதிரி. காய்கறி இல்லாமல் இந்தியச் சிப்பாய்களுக்கு ஸ்கர்வி. வெள்ளை மாவு ரொட்டி சாப்பிட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு பெரிபெரி. ஆட்டா சாப்பிட்ட நம்மாட்களை பெரிபெரி அவ்வளவா தொடல. ஒரே கோட்டைக்குள்ள ரெண்டு வைட்டமின் குறைபாடு. சும்மா பாடப்புத்தகத்தில் படிக்கிற நோயில்லை, ஈறு வீங்கி ரத்தம் கசிஞ்சு, பழைய காயம் திறந்துக்கும்.

10/ அந்தப் போர்முனையில் இறந்து, கல்லறை தெரியாமல் போனவர்களுக்காக 1929-ல் பஸ்ராவில் நினைவிடம் திறந்தாங்க. 40,000 பேருக்கும் மேல். பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர். இந்திய அதிகாரிகளுக்குப் பெயர். இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஒரு எண்.

11/ இடம் பத்தலையா? அப்படியும் இல்லை. 1927-ல் பிரான்ஸில் நவ் ஷப்பேல் நினைவிடத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்காங்க. ஐரோப்பாவில் செத்தா பெயர், பாலைவனத்தில் செத்தா எண்!

12/ இது என் கோபம் மட்டுமில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டாங்க. குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பெயரே இல்லை அல்லது நினைவுச்சின்னமே இல்லை.

13/ தமிழர்கள் விஷயத்தில் இன்னொரு அடியும் விழுந்தது. 'போர்க்குணமுள்ள இனம்' என்று சில சாதிகளையும் வட்டாரங்களையும் மட்டும் பொறுக்கி எடுத்தது பிரிட்டிஷ் ராணுவம். தெற்கத்திக்காரன் அந்தப் பட்டியலில் இல்லை. 1920-களில் மெட்ராஸ் காலாட்படைப் பிரிவுகளை ஒவ்வொன்றாகக் கலைச்சாங்க. 1933-ல் மெட்ராஸ் பயனியர்களும் போச்சு. சப்பர்கள் மட்டும் தப்பிச்சாங்க. இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினாங்க.

14/ படைப்பிரிவு இருந்தால் அதுக்கு ஒரு கோயில், ஒரு நாள், ஒரு பதிவேடு இருக்கும். பேரன் அதிலேயே சேருவான், தாத்தா கதையைக் கேட்பான். படைப்பிரிவே கலைஞ்சா அந்தக் கதையை யார் காப்பாத்துவா?

15/ நேரில் பார்க்கணும்னா சென்னை நந்தம்பாக்கம் போங்க. 1952-ல் அமைத்த போர்க் கல்லறை. இரண்டாம் உலகப்போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்காங்க. பின்பக்கம் முதல் உலகப்போருக்கான நினைவுச் சுவர், ஆயிரத்துக்கும் மேல் பெயர்கள். புல் வெட்டி அவ்வளவு சுத்தமா இருக்கும். அமைதியா ஒரு மணி நேரம் நடந்துட்டு வாங்க.

16/ இப்போ மறுபடி அந்த ஊர்க் கல்லுக்கு வருவோம். போனவர் எண்ணிக்கையிலிருந்து இறந்தவர் எண்ணிக்கையைக் கழிங்க. மீதி வருதே, அவங்க திரும்பி வந்தவங்க. கல்லில் அவங்களைப் பற்றி தனியா ஒரு சொல்லும் இல்லை. 1918-ல் துருப்புக் கப்பல்கள் வழியா பம்பாயில் இறங்கிய இன்ஃப்ளுயன்ஸா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்தக் காலத்தில்தான் இவங்க வீடு திரும்பினாங்க. மலேரியாவோடு, கேட்காத காதோடு, தூங்காத ராத்திரியோடு.

17/ இது பழைய கதை மட்டும்தானா? நம்ம காக்களூர் சிட்கோ கம்பெனி கேட்களைக் கவனிங்க. செக்யூரிட்டி உடுப்பில் நிமிர்ந்து நிற்கிற பெரியவர்களில் சிலர் முன்னாள் ராணுவத்தினர். பக்கத்தில் ஆவடியில் டாங்கி செய்றோம், அரக்கோணத்தில் கடற்படை விமானதளம் இருக்கு. ஆனா நம்ம தெருவில் யார் ராணுவத்தில் இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

18/ இளம் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓபியில் ஹிஸ்டரி எடுக்கும்போது "ராணுவத்தில் இருந்தீங்களாய்யா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக்கோங்க. காது கேளாமை பீரங்கிச் சத்தத்தால் இருக்கலாம். தூக்கமின்மை, குடி, திடீர்க் கோபம், இதெல்லாம் மனசில் ஆறாத காயமா இருக்கலாம். பென்ஷன் வாங்குபவருக்கு 2003-ல் வந்த இசிஹெச்எஸ் திட்டம் இருக்கு. கேட்டால்தான் வழிகாட்ட முடியும்.

19/ மத்தவங்களுக்கு: டெல்லி தேசியப் போர் நினைவுச்சின்னம் 2019 பிப்ரவரி 25-ல் திறந்தது. 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், ஒவ்வொண்ணும் தனித்தனியா. சுதந்திர இந்தியா அந்தப் பாடத்தைக் கத்துக்கிச்சு. ஆனா அது உயிர் நீத்தவர்களுக்கு. உயிரோட திரும்பியவர்களை ஊர்தான் எழுதி வைக்கணும்.

20/ செலவே இல்லாத வேலை. ஒரு நோட்டு வாங்குங்க. உங்க ஊரில் ராணுவத்தில் இருந்தவர், இருப்பவர் எல்லார் பெயரையும் எழுதுங்க. அப்பா பெயர், படைப்பிரிவு, சேர்ந்த வருஷம், வந்த வருஷம். ஆணா பெண்ணா, ஜவானா சமையல்காரரா என்று பார்க்காதீங்க. கிராம சபையில் வாசிங்க. கல் அப்புறம் வைக்கலாம். 80 வயசுப் பெரியவரிடம் இந்த வாரமே போய்க் கேளுங்க, அடுத்த வருஷம்னு தள்ளாதீங்க.

21/ டிசம்பர் 7 கொடி நாள். 1949-லிருந்து நடக்குது. உண்டியலில் காசு போடும்போது, உங்க ஊர்ப் பெயர் ஒண்ணையாவது சொல்லிட்டுப் போடுங்க.

உங்க ஊரில் பழைய கல் ஏதாவது இருந்தா போட்டோவோடு கீழே சொல்லுங்க. உங்க தாத்தா, மாமா, அக்கா யாராவது படையில் இருந்திருந்தா அவங்க சம்மதத்தோட பெயரை எழுதுங்க. வெறும் "எங்க வீட்டிலும் ஒருத்தர்" வேண்டாம்.