மருத்துவமனை படைவீடான வரலாறு

எந்த நோக்கத்துக்காக ஒரு கட்டடம் எழுந்ததோ அந்த நோக்கத்துக்கே அது என்றும் பயன்படும் என்று சொல்வதற்கில்லை. தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் அன்பர்கள், பழைய மாளிகைகள் அலுவலகங்களானதைக் கண்டிருப்பீர்கள். ஆனால் பிணி தீர்க்க எழுந்த மனை, போர்வீரரின் இருப்பிடமாவது விந்தையன்றோ? கிரேக்க நாட்டு ரோட்ஸ் தீவில் அது நிகழ்ந்தது.

1309ஆம் ஆண்டுக்குள் அத்தீவைக் கைப்பற்றியவர்கள் புனித யோவான் சபையின் வீரத் துறவியர். வாளேந்திய அவர்களே நோயாளரைப் பேணும் விரதமும் பூண்டவர்கள். நோயாளரைத் தம் 'தலைவர்' என்றே போற்றினர். 1437இல் மறைந்த சபைத் தலைவர் ஒருவர் விட்டுச்சென்ற 10,000 பொற்காசுகளைக் கொண்டு, 1440இல் பெரிய மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினர்; 1489இல் பணி முற்றுப்பெற்றது. நடுவே முற்றம், சுற்றிலும் வளைவுகள் தாங்கும் தாழ்வாரங்கள், மேல்தளத்தில் ஏறக்குறைய 50 மீட்டர் நீளமுள்ள கூடம். கூடத்தின் ஒருபுறம் சிறு வழிபாட்டிடமும் அமைந்தது.

1522இல் துருக்கிச் சுல்தான் சுலைமான் ஆறு திங்கள் அளவும் முற்றுகையிட்டு நகரை வென்றார். 1523 தொடக்கத்தில் துறவியர் தீவை நீங்கினர். பின்னர், துருக்கியர் ஆட்சியில், மருத்துவமனை படைவீடாயிற்று. காரணம் உணர்தல் அரிதன்று. பலர் வரிசையாகப் படுக்க நீண்ட கூடம், அணிவகுக்க முற்றம், பண்டம் சேர்க்கக் கீழ்த்தள அறைகள்: நோயாளிக்கு அமைத்தவை வீரனுக்கும் பொருந்தின.

இழப்பும் நேர்ந்தது. வேலைப்பாடமைந்த அதன் மரக்கதவுகளை 1836இல் சுல்தான் மகமூது பிரெஞ்சு இளவரசருக்குப் பரிசளித்தார். அவை வெர்சேல்ஸ் அரண்மனையைச் சேர்ந்தன. 1856இல் வெடிமருந்துக் கிடங்கில் மின்னல் பாய்ந்து, துறவியர் கட்டிய பெரிய தேவாலயம் தகர்ந்தது. மருத்துவமனையோ நிலைத்து நின்றது. 1912இல் தீவைக் கைக்கொண்ட இத்தாலியர் அதனைச் செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கினர். 1947ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவு கிரேக்கர் வசமாயிற்று. நோயாளர் கிடந்த கூடத்தில் இன்று துறவியரின் கல்லறைப் பலகைகளைக் காணலாம்.

கட்டடம் பிழைத்தது. நோயாளரைத் தலைவரெனக் கொண்ட அறம் என்னவாயிற்று? அது கற்களோடு தங்கவில்லை. துறவியர் 1530இல் மால்டா தீவில் குடியேறினர். 1574இல் அங்கும் ஒரு பெரிய மருத்துவமனை எழலாயிற்று. மனையை விட்டு வந்தவர்கள் மரபை விட்டு வரவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாமும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.