சத்திரசிகிச்சையின் பின் தோன்றும் நடுக்கம்: ஒரு வரலாற்று நோக்கு

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களிலே கல்முனைக் கடற்கரையில் நண்பகல் வேளை நடந்தறிந்தோர்க்குக் குளிர் என்னும் சொல்லே புதுமையாகத் தோன்றும். ஆயினும், அத்தகைய வெயிற்காலத்திலும் சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து வெளியே கொணரப்படும் நோயாளர் சிலர் பற்கள் கிட்ட, உடல் வெடவெடக்க நடுங்குவதுண்டு. வாயிலில் நிற்கும் உறவினர் அது கண்டு காய்ச்சலோ வலிப்போ என அஞ்சுவர். வெப்பமிக்க நாட்டில் இந்நடுக்கம் எங்ஙனம் வந்தது?

1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் தேதி பொஸ்ரன் நகரில் ஈதரின் துணைகொண்டு நோவின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாமென்பது யாவரும் காண நிறுவப்பட்டது. மறு ஆண்டில் எடின்பரோவைச் சேர்ந்த சிம்சன் குளோரபோமைக் கையாண்டார். அதே 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயிலே தமிழில் மருத்துவங் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், பின்னர் 1867இல் ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூலையும் வெளியிட்டார். அக்காலத்து வைத்தியர்க்கு நோயாளி மீண்டும் கண்விழிப்பானோ, புண் சீழ்கொள்ளாது ஆறுமோ என்பனவே பெருங்கவலைகள். விழித்தபின் வரும் நடுக்கத்தை, ஒரு கம்பளியால் தீர்க்கத்தக்க சிறு தொல்லையாகக் கொண்டமை வியப்பன்று. 1956 தொடக்கம் ஹலோதேன் என்னும் மயக்க மருந்து வழக்கில் வந்தபோது, அம்மருந்தின் பெயராலேயே ‘ஹலோதேன் நடுக்கம்’ எனப் பேசலாயினர். பழி மருந்தின்மேல் விழுந்தது. அது பாதி உண்மையே.

மீதி உண்மை உடலின் உள்ளே உளது. நம் நெஞ்சும் வயிறும் ஏறக்குறைய 37 பாகை செல்சியசில் நிற்க, கைகால்கள் அதனினும் குறைந்த வெப்பத்திலேயே இருக்கும். தோலருகேயுள்ள இரத்தக்குழாய்களைச் சுருக்கி, மூளை அவ்வேறுபாட்டைக் காத்து நிற்கிறது. மயக்க மருந்து அக்காவலைத் தளர்த்துகின்றது. குழாய்கள் விரிய, உள்ளேயுள்ள வெப்பம் இரத்தத்தோடு கைகால்களுக்குப் பரவுகின்றது. முதல் ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் 1 முதல் 1.5 பாகை வரை குறைதற்கு இதுவே தலையாய காரணம். கூடத்தின் குளிர்ச்சி பின்னரே மிகுதியும் தொழிற்படும். மருந்தின் வலி குன்றியதும் மூளை விழித்து, இழந்த வெப்பத்தை மீட்குமாறு தசைகளை ஏவுகின்றது. வெளியே வெயில் எரிப்பதனால் நோயாளிக்கு யாதும் நயமில்லை. நோவு முதலிய பிற காரணங்களாலும் சிலர் நடுங்குவர் என்பதையும் மறுத்தற்கில்லை.

நடுங்கும் உடல் ஒட்சிசனை இருமடங்காகவோ அதற்கு மேலாகவோ வேண்டி நிற்கும். முதியோர்க்கும் இருதய நோயாளர்க்கும் இது பெருஞ்சுமை. நடுக்கத்துக்கு முன்னோடியான வெப்பக் குறைவுதானும் தீங்கற்றதன்று. பெருங்குடற் சத்திரசிகிச்சை பெற்ற 200 பேரை ஆராய்ந்து 1996இல் வெளியான ஓர் ஆய்விலே, வெப்பங் குன்றியோரில் நூற்றுக்கு 19 பேருக்குப் புண்ணிற் கிருமி தொற்றியது. வெப்பங் காக்கப்பட்டோரில் 6 பேருக்கே தொற்றியது. நடுக்கத்தைச் சிறு தொல்லையெனக் கொண்டிருந்த நூறாண்டு வழக்கம் இத்தகைய ஆய்வுகளாலேயே மாறிற்று.

1939இல் ஜெர்மனியிற் கண்டறியப்பட்ட பெத்திடீன், நோவு தணிப்பதோடு நடுக்கத்தையும் விரைவில் நிறுத்த வல்லது. ஆனால் அது குமட்டலையும் தரும், மூச்சையும் மந்தமாக்கும். வருமுன் காத்தலே மேலெனின், கைகால்களை முன்னரே வெப்பமூட்டி வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யின் உள்வெப்பம் அங்கே பாய்வது குறையும். 2008இல் வெளியான பிரித்தானிய வழிகாட்டி, 36 பாகைக்குக் குறைந்த வெப்பமுடையோரை அவசரமில்லாதவிடத்து மயக்கத்துக்கு உட்படுத்தலாகாதென்றும், நரம்பு வழியே 500 மில்லிலீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட திரவம் ஏற்றுங்கால் அதனை 37 பாகைக்குச் சூடாக்குக என்றும் விதித்தது. வெப்பக் காற்றுப் போர்வை சிறந்தது. அஃதில்லாவிடத்து ஒற்றைத் துணிப்போர்வை தானும் தோலின் வழியே போகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தடுக்கும். நெசவுக்குப் பெயர்போன மருதமுனைக்கு அயலில் துணிக்குப் பஞ்சமேது! எனினும், போர்வைமேற் போர்வையாக அடுக்குவதால் வரும் மிகைப்பயன் சிறிதே.

சிசேரியன் செய்யப்படும் தாய்மாரை ஈண்டுத் தனியே கூறல் தகும். முதுகுத்தண்டில் மருந்தேற்றப்பெறும் அவர்கள் விழித்திருந்தே நடுங்குவர். இடுப்பின்கீழ்க் குழாய்கள் விரிந்து வெப்பம் இறங்க, மருந்து எட்டாத கைகளும் தாடையும் ஆடும். நம் முதுபெண்டிர் பிள்ளை பெற்றவளைக் காற்றுப்படாது போர்த்தி, வெந்நீரில் முழுக்காட்டிச் சரக்குக்கறி ஊட்டும் வழக்கமுடையர். அப்போர்வையையும் வெம்மையையும் கூடத்துக்குட் புகுமுன்னரே அவளுக்கு அளிக்குமாறு இன்றைய மருத்துவம் கேட்கின்றது. கை நடுங்கும் தாயிடம் குழவியைக் கொடுக்கத் தாதியர் தயங்குவர். முதற்பாலும் அதனாற் பிந்தக்கூடும்.