பத்து வாட்டில் கொட்டகை நிறைந்த கதை

கோயமுத்தூர் வெரைட்டி ஹால் ரோட்டுக்கு அந்தப் பேர் எப்படி வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா? சாமிக்கண்ணு வின்சென்ட் 1914ல் அங்கே கட்டிய சினிமாக் கொட்டகையால் வந்த பேர். ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அப்போ படம் பேசாது. 1931ல் 'காளிதாஸ்' வந்த பிறகுதான் தமிழ் சினிமா வாய் திறந்தது.

பேசும்படத்தின் ஆரம்ப காலத்தில் கொட்டகைகளில் இருந்த வால்வு ஆம்பிளிஃபயர்கள் பெரும்பாலும் பத்து, இருபது வாட்தான். இன்னிக்கு மேசை மேல வைக்கிற ப்ளூடூத் டப்பாவே இருபது வாட்னு போட்டு விக்கறாங்க. அப்புறம் எப்படிங்க கடைசி பெஞ்சு வரைக்கும் வசனம் கேட்டுச்சு?

பதில் உங்க காதுக்குள்ளேயே இருக்கு. காற்றில் வரும் ஒலி, உள்காதில் இருக்கும் திரவத்தில் நேரடியா மோதினால் கிட்டத்தட்ட முழுசும் திரும்பிப் போயிடும். அதனால நடுக்காதில் ஒரு ஏற்பாடு இருக்கு. பெரிய செவிப்பறை வாங்கும் விசையை மூன்று குட்டி எலும்புகள் சுமார் 17 மடங்கு சிறிய பரப்பில் கொண்டுபோய்க் குவிக்கும். நெம்புகோல் வேலையும் சேர்ந்து அழுத்தம் ஏறத்தாழ 22 மடங்கு கூடும்.

ஹார்ன் செய்வதும் இதே மாதிரி இணைப்பு வேலைதான். வெறும் தகடு அதிர்ந்தால் லேசான காற்று பிடிகொடுக்காமல் நழுவிடும். சிறுகச் சிறுக விரியும் குழாய் அந்தத் தகட்டைக் காற்றோடு இணைக்கும். கொடுத்த சக்தியில் கால் பங்கு வரை ஒலியாக்கிய ஹார்ன்கள் உண்டு. நம்மூர் நோம்பிக்கு ரேடியோ செட்காரர் வேப்பமரத்தில் கட்டுற குழாய் ஒரு கார் பேட்டரியை வெச்சுக்கிட்டே ஊரை எழுப்புறது இப்படித்தான். (தூங்கவும் விடாது, அது வேற கதை.)

வீட்டு ஸ்பீக்கர் வேறு பாதையில் போனது. 1954ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் ஒரு சின்ன மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக்கி ஆழமான பேஸ் கொண்டுவந்தார். பீரோ அளவுப் பெட்டி அலமாரியில் உட்கார்ந்தது. விலையா கொடுத்தது எஃபிஷியன்ஸி. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக எஃபிஷியன்ஸி, இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்காதுன்னு ஹாஃப்மன் சொன்னதை இன்னிக்கும் 'இரும்பு விதி'ம்பாங்க. 1960களில் டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிவாச்சு. அதனால யாரும் பெரிசா கவலைப்படலை.

கவலைப்பட வேண்டியது, அப்பா காலத்து பத்து வாட் ஆம்பிளிஃபயரை வீட்டில் வெச்சிருக்கற நீங்கதான். கடையில் முதல்ல வாட்டைக் கேட்காதீங்க. அது ஸ்பீக்கர் தாங்கும் அளவு, சத்தத்தின் அளவு இல்லை. சென்சிட்டிவிட்டி எத்தனை டெசிபல்னு கேளுங்க. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு ஒலி என்ற கணக்கு அது. மூணு டெசிபல் குறைஞ்சா, அதே சத்தத்துக்கு இரு மடங்கு வாட் வேணும். 90 டெசிபல் ஸ்பீக்கரில் பத்து வாட் செய்யும் வேலைக்கு 84 டெசிபல் ஸ்பீக்கரில் நாற்பது வாட் ஆகும். அந்த 84ல் கொடுத்த சக்தியில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட ஒலியாவதில்லை, மிச்சமெல்லாம் சூடு. வால்யூமைத் திருகத் திருக ஆம்பிளிஃபயர் திணறி ஒலி உடையும். "ஆம்ப் பழசுங்க, மாத்திடுங்க"ம்பாங்க. ஆம்ப் நல்லாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு. அட்டையில் '1 வாட்'னு இல்லாம '2.83 வோல்ட்'னு போட்டிருந்தா ஓம் எவ்வளவுன்னு பாருங்க. 8 ஓம் என்றால் அது ஒரு வாட்தான். 4 ஓம் என்றால் இரண்டு வாட் கொடுத்து அளந்தது, மூணு டெசிபல் கழிச்சுக்குங்க. சின்ன ஆம்பிளிஃபயர் 4 ஓமில் சீக்கிரம் சூடாகும். பின்பக்கம் '8 ஓம்' மட்டும் எழுதியிருந்தா 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீங்க.