காற்று வாங்கியோரும் கயிறு இழுத்தோரும்

வில்லியனூரிலும் பாகூரிலும் பழைய ஓட்டு வீடுகள் சில இன்றும் நிற்கின்றன. உள்ளே நுழைந்து கூடத்தில் நின்று தலை நிமிர்ந்தால், உத்தரத்தில் இரும்பு வளையங்கள் தெரியும். சில வீடுகளில் வளையம் மட்டுமே மிச்சம். சில வீடுகளில் சங்கிலியும் பலகையும் கூட உண்டு. ஊஞ்சல்! சித்திரை மாதத்துப் பிற்பகலில், சங்கராபரணி ஆற்றங்கரையிலும் இலை அசையாத வேளையில், வீட்டுக்குரியவர் அதில் அமர்வார். பெருவிரலால் தரையை ஓர் உந்து உந்துவார். பலகை ஆடும். நின்றுபோன காற்று அவருக்குக் காற்றாகும். வியர்வை உலரும், கண் செருகும்.

அமர்ந்திருப்பவர் தம் அசைவாலேயே தமக்குக் காற்றுத் தேடிக்கொள்ளும் இருக்கை அது. அதைச் செய்தவர் தச்சர்; சங்கிலி கோத்தவர் கொல்லர். இருவரும் ஏட்டுக் கல்வி பெற்றிலர் என்று சொல்லிச் சிரிப்போர் இருக்கலாம். ஆனால் அவர்கள் கைப்பட்ட அப்பலகையில் அறிவியல் உண்டு. ஆடும் பொருள், தான் பெற்ற விசையை உடனே தொலைத்துவிடுவதில்லை. ஒரு பக்கம் ஏறிச் சேர்த்ததை மறுபக்கம் இறங்கித் திருப்பிக் கொடுக்கிறது. காற்றும் உராய்வும் தின்னும் சிறு பங்கை மட்டும் கால் விரல் ஈடு செய்தால் போதும். அதனால்தான் ஊஞ்சலில் இருப்பவர் களைப்பதில்லை. களைத்தால் பயனே இல்லை! நம் தசை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் வேலையாகிறது. எஞ்சியது வெப்பமாக உடலிலேயே தங்குகிறது. ஓடி ஓடிக் காற்று வாங்குபவன் புழுங்கித்தான் போவான். காற்றுக்குக் கொடுக்கும் உழைப்பு, காற்று தரும் குளிர்ச்சியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஊஞ்சல் செய்தவர் இந்தக் கணக்கை எழுதவில்லை. ஆனால் செய்து காட்டினார்.

அப்பலகையில் யார் அமரலாம், யார் முற்றத்தோடு நின்று பேசிப் போகவேண்டும் என்று ஓர் எழுதாச் சட்டம் இருந்ததே, அதைத் தச்சர் செய்யவில்லை. அதைச் செய்தவர்கள் வேறு.

இதே எண்ணம் கடல் கடந்த நாட்டிலும் பிறந்தது. 1787ஆம் ஆண்டு சூலைத் திங்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் புதிய அரசியல் சட்டத்தை ஆக்க மாநாடு கூடியிருந்தது. அந்நாளில் மனாசே கட்லர் என்ற பாதிரியார் முதியவர் பெஞ்சமின் பிராங்க்ளினைக் காணச் சென்றார். இடியின் மின்சாரத்தை ஆராய்ந்த அந்த அறிஞரின் வீட்டில் அவர் வியந்து பார்த்தவற்றுள் ஒன்று, ஒரு நாற்காலி. அடியில் வளைந்த கட்டைகள், ஆடும் நாற்காலி. தலைக்கு மேலே பெரிய விசிறி. படித்துக்கொண்டிருக்கையில் காலை இலேசாக அசைத்தால் போதும், விசிறி வீசும், ஈ ஓடும். கட்லர் அதைத் தம் குறிப்பில் எழுதி வைத்தார்.

அதே ஆண்டில், அதே நகரில், மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் வாஷிங்டனும் இவ்வகை விசிறி நாற்காலி ஒன்றை வாங்கினார். செய்தவர் ஜான் கிராம். இசைக்கருவி செய்யும் தொழிலாளி. காலடியில் மிதி, மிதியிலிருந்து மேலே செல்லும் இணைப்பு, தலைக்கு மேல் விசிறி. தையல் இயந்திரத்தை மிதிப்பது போல மிதித்தால் முகத்தில் காற்று. 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் இன்னும் பலர் இந்த வழியில் முயன்றனர். நாற்காலி ஆடும்போது துருத்தி அமுங்கிக் குழாய் வழியே காற்றூதும்படி அமைத்தோரும் உண்டு. நம் கொல்லர் உலையில் இருந்த துருத்தி, அங்கே நாற்காலிக்கு அடியில் போய் அமர்ந்தது!

வாஷிங்டன் தம் காலாலேயே தமக்கு விசிறிக்கொண்டார் என்று கேட்கும்போது மகிழ்ச்சி பிறக்கிறது. ஆனால் மகிழ்ச்சியோடு வரலாற்றை மூடிவிட முடியவில்லை. 1799இல் அவர் மறைந்தபோது அவருடைய மவுண்ட் வெர்னான் பண்ணையில் 300க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தனர். அவர் தலைமை தாங்கிய அம்மாநாடுதான், மக்கள்தொகைக் கணக்கில் அடிமை ஒருவனை ஐந்தில் மூன்று பங்கு மனிதன் என்று எழுதியது. அந்நாட்டின் தென்பகுதிப் பருத்திப் பண்ணை மாளிகைகளில் விசிறி நாற்காலி செல்வாக்குப் பெறவில்லை. அங்கே உணவு மேசைக்கு மேல் பெரிய மரப்பலகை விசிறி தொங்கும். மூலையில் நின்று அடிமைச் சிறுவன் ஒருவன் கயிறு இழுப்பான். மிசிசிப்பி மாநிலத்து நாச்செஸ் நகரில் அவ்விசிறிப் பலகைகளை இன்றும் காணலாம். காலை அசைக்கவும் தேவையில்லாதவனுக்கு இயந்திரம் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு நம் நாட்டுக்குத் திரும்புவோம்.

விசிறி நமக்குப் புதிதன்று. பனை நிறைந்த நாடு நம் நாடு. ஓலை இருந்த இடமெல்லாம் விசிறி இருந்தது. வீசியவர் யார் என்பதில்தான் வரலாறு இருக்கிறது. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை என்ற சேர வேந்தன், முரசு வைக்கும் கட்டிலில் அறியாது படுத்துறங்கிய மோசிகீரனார் என்ற புலவரைக் கண்டான். வாளால் வெட்ட வேண்டிய குற்றம் அது. வேந்தனோ, கவரி எடுத்துத் தன் கையாலேயே அவருக்கு வீசினான். புறநானூற்றின் 50ஆம் பாட்டில் உள்ள செய்தி இது. மேடைதோறும் நாம் சொல்லிப் பெருமை கொள்வது. பெருமைதான். ஆனால் பகுத்தறிவோடு ஒன்றை எண்ணுவோம்: வேந்தன் வீசியது பாட்டாயிற்று, வேந்தனுக்கு நாள்தோறும் வீசியவர்கள் பேரில் அப்படி ஒரு பாட்டு ஏன் இல்லை?

பின்னாளில் வந்தது பங்கா. கூரையிலிருந்து தொங்கும் நீண்ட சட்டம். அதில் கட்டிய துணி. துணியை ஆட்டக் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு மனிதன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தா வெள்ளையர் வீடுகளில் இது பரவியது. பிறகு நாடெங்கும், அலுவலகம், நீதிமன்றம், படைமுகாம், மாதா கோயில் என எங்கும் தொங்கியது. பெரும்பாலும் கயிறு சுவரில் இட்ட துளை வழியே வெளியே செல்லும். இழுப்பவன் வெளியே தாழ்வாரத்தில் இருப்பான். காற்று உள்ளே, காற்றுக்குரியவன் வெளியே! கை ஓய்ந்தால் கயிற்றைக் கால் விரலில் கட்டிக்கொண்டு, படுத்தபடியே காலை ஆட்டுவான். பங்கா இழுத்தான்; ஆனால் அந்தக் காற்றில் பங்கு கேட்கவில்லை.

புதுச்சேரியில் ஆண்ட பிரெஞ்சுக்காரர் பாடமும் வேறன்று. வில்லியனூரும் பாகூரும் 1749இல் சந்தா சாகிப்பின் கொடையாக அவர்கள் கைக்கு வந்தவை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று புரட்சிக் காலத்தில் பாரிசில் முழங்கினர். அந்த முழக்கம் கப்பலேறி வந்த பின்னரும், வெள்ளை நகரத்து வீதிகளில் 'புஷ் புஷ்' வண்டி உருண்டது. சக்கரம் பூட்டிய நாற்காலி அது. அமர்ந்தவர் முன்னுள்ள பிடியைத் திருப்பி வழி காட்டுவார். பின்னால் ஆள் தள்ளுவான். நாற்காலியில் இருப்பவருக்கு முகத்தில் எதிர்காற்று, தள்ளுபவனுக்கு முதுகில் வெயில். நாற்காலியை நகர்த்தினாலும் காற்று வரும் என்பதைத் துரைமார் கண்டுகொண்டனர். நகர்த்துவது தம் கால் அல்ல என்பதில் மட்டும் உறுதியாக இருந்தனர். 1873இல் இதே புதுச்சேரியில் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, காலணி அணிந்து நீதிமன்றத்துள் நுழைந்ததற்காகத் தண்டனை பெற்று, பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி வென்றார். வழக்கறிஞரின் காலுக்குக் கிடைத்த அந்த நீதி, கயிறு கட்டிய கால் விரலுக்குக் கிடைக்க நெடுநாள் ஆயிற்று.

இயந்திரம் வரவில்லையா? வந்தது. இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது. இந்தியாவில் கண்டுபிடிப்புக்கு உரிமை வழங்கும் முதற் சட்டம் 1856இன் 6ஆம் சட்டம். அதன்படி முதல் விண்ணப்பம் தந்தவர் கல்கத்தா, கிராண்ட் சந்து, 7ஆம் எண்ணில் இருந்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்ற பொறியாளர். நாள், 1856 மார்ச் 3. செப்டம்பர் 2ஆம் நாள் படங்களோடு முழு விளக்கமும் தந்தார், உரிமையும் பெற்றார். இந்நாட்டின் முதல் கண்டுபிடிப்புரிமை எதற்கு? ஆலைக்கா? நீர் இறைக்கவா? ஏர் உழவா? இல்லை. திறம்பட பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு!

ஆனால் என்ன நடந்தது? இயந்திரத்துக்கு உரிமைச் சீட்டு கிடைத்தது. கயிறு மனிதன் கையிலேயே இருந்தது. அடுத்த அரை நூற்றாண்டும் தாழ்வாரங்களில் ஆட்கள் இழுத்துக்கொண்டே இருந்தனர். வடநாட்டில் வெட்டிவேர்த் தட்டி பொருத்திய சுழல்விசிறிப் பெட்டி ஒன்றும் புழங்கியது. அதன் கைப்பிடியைச் சுற்றவும் கூலியாள், தட்டியை நனைக்கவும் கூலியாள். இயந்திரம் வந்தும் மனிதனுக்கு விடுதலை வரவில்லை. காரணம் அறிவுப் பஞ்சமன்று. இயந்திரத்தை வாங்க வேண்டும், எண்ணெயிட வேண்டும், பழுது பார்க்க வேண்டும். மனிதனோ சில காசுக்குக் கிடைத்தான். பழுதானால் வேறொருவன் வருவான். ஏவல் செய்யவே பிறந்தவன் என்று ஒரு கூட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைத்த நாட்டில், எந்தப் பொறியாளன் போட்டியிட்டு வெல்ல முடியும்? சாதி, உழைப்பை மலிவாக்கியது. மலிவான உழைப்பு இயந்திரத்தை வாயிலிலேயே நிறுத்தியது. பிராங்க்ளின் வீட்டு நாற்காலி நம் பண்ணை வீடுகளுக்கு ஏன் வரவில்லை என்பதற்கும் இதுவே பெருங்காரணம் என்பது நம் கருத்து.

மலிவென்றால் எவ்வளவு மலிவு? 1876இல் வெளியுலகு அறிந்த ஆக்ரா வழக்கு ஒன்று உண்டு. புல்லர் என்ற ஆங்கில வழக்கறிஞர், தேவாலயம் செல்ல வண்டி கொண்டுவரக் காலந்தாழ்த்திய குதிரைக்காரனை அடித்தார். அவன் விழுந்து இறந்தான். மண்ணீரல் கெட்டிருந்தது, அதனால் இறந்தான் என்றனர். தண்டனை, 30 ரூபாய் அபராதம். அன்றைய வைசிராய் லிட்டனே அதைக் கண்டித்து எழுத வேண்டியதாயிற்று. அந்த 'மண்ணீரல்' வாதம் பங்கா இழுத்தவர் வழக்குகளிலும் திரும்பத் திரும்ப வந்தது. நள்ளிரவில் கயிறு நின்றது, உள்ளே படுத்திருந்த துரைக்கோ படைவீரனுக்கோ வியர்த்தது, எழுந்து வந்து உதைத்தான், உறங்கியவன் மீண்டும் எழவில்லை. இத்தகைய சாவுகள் ஒன்றிரண்டல்ல. ஒரே இழுப்புக்கு ஆகும் வலு மிகச் சிறியது. பங்காவும் ஊஞ்சலைப் போல ஆடும் பொருள்தானே! ஆனால் மாலை முதல் விடியல் வரை அந்தச் சிறு வலுவை விடாது தரவேண்டும். உறக்கத்தை விற்றவன் அவன். விலை கூலியாக வந்தது. சில நேரம் உதையாகவும் வந்தது.

1924இல் வெளிவந்த ஆங்கில நாவல் ஒன்றில் இ. எம். பாஸ்டர் இவனைக் கவனித்தார். 'எ பேசேஜ் டு இந்தியா' என்பது அதன் பெயர். நீதிமன்றமே கொதிக்கும் வழக்கு. அதன் நடுவே ஒருவன் எதுவும் அறியாமல் பங்கா இழுத்துக்கொண்டிருக்கிறான். வழக்கு முடிகிறது, கூட்டம் கலைகிறது, மன்றம் வெறுமையாகிறது. அவன் இழுப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை.

நிறுத்தச் சொன்னது மின்சாரம். 1882இல் அமெரிக்காவில் மின்விசிறி தோன்றியது. 1899இல் கல்கத்தாவில் மின்வழங்கல் தொடங்கிய பின், நகரங்களில் பங்கா ஒவ்வொன்றாக இறங்கியது. மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் சுழலும் வெப்பக்காற்று விசிறிகளும் இடையில் சில காலம் வலம் வந்தன. ஒரு கூரை விசிறிக்கு 75 வாட் போதும். எத்தனையோ கைகளை அந்த 75 வாட் தாழ்வாரத்திலிருந்து எழுப்பிவிட்டது. அறநூல் படித்தா எழுப்பினார்கள்? கூலியைவிட மின்கட்டணம் குறைந்தது, எழுப்பினார்கள். அவ்வளவுதான். தமிழ்நாட்டில் மனிதன் இழுத்த ரிக்சா 1970களில் ஒழிந்தது அப்படியன்று. அரசு முடிவெடுத்து, இழுத்தவர்களுக்கே சைக்கிள் ரிக்சா வழங்கி ஒழித்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்க்கலாம்.

வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களிக்கக் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. பங்கா கட்டியவர்கள் கப்பலேறினர். கம்பமும் கம்பியும் வயல்களைத் தாண்டி ஊர்களுக்குள் வந்தன. பாகூர் ஏரிக்கரைக் குடிசையிலும் இன்று விசிறி சுழல்கிறது. நன்று.

ஆனால் கோடையில் மின்சாரம் நின்றுபோகும் ஓர் இரவில், கொம்யூன் கிராமம் ஒன்றின் தெருவில் நடந்து பாருங்கள். நாமும் நடந்திருக்கிறோம். உள்ளே இலை போட்டிருக்கிறது. ஆண்மகன் அமர்ந்து உண்கிறான். பக்கத்தில் மனைவி, அல்லது தாய், அல்லது பள்ளியில் படிக்கும் மகள், ஓலை விசிறி கையில், அவன் முகத்துக்கு வீசிக்கொண்டிருக்கிறாள். அடுப்படியில் இரண்டு மணி நேரம் வெந்து வந்தவள் அவள். அவள் நெற்றியில் வழியும் வியர்வையை யாரும் பார்ப்பதில்லை. 'அன்பு' என்று அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறோம். அன்பாகவே இருக்கட்டும், அப்படியானால் அவள் உண்ண அமரும்போது அந்த விசிறி யார் கைக்கு மாறுகிறது? அவள் உண்ணும் வேளையில் அவன் திண்ணைக்குப் போயிருப்பான், அல்லது ஊஞ்சலில் அமர்ந்து காலை உந்திக்கொண்டிருப்பான்.