வாய்தாவுக்குப் போன தூரம்

எங்க தாத்தா கம்பத்துக்காரர். "மதுரைக்குப் போறேன்"னு கிளம்பினா யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. வாய்தாதான். வரப்புத் தகராறு ஒண்ணு.

முன்சீப் கோர்ட் பக்கத்தில் உத்தமபாளையத்திலேயே இருந்தது. ஆனால் 1996-இல் தேனி மாவட்டம் அறிவிக்கப்படும் வரை நமக்கு மாவட்ட நீதிமன்றம் மதுரையில். அங்கே அப்பீல் என்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். ஐகோர்ட் வரை போனால் சென்னை. 2004 ஜூலை 24-இல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை திறந்த பிறகுதான் அந்தச் சென்னை ரயில் நின்றது.

இன்று மாவட்ட நீதிமன்ற வளாகம் இருப்பது தேனிக்குள் இல்லை. பெரியகுளம் சாலையில் லட்சுமிபுரத்தில். பழைய தாலுகா ஊர் பெரியகுளம், புதிய தலைநகர் தேனி, இரண்டுக்கும் நடுவே. அந்த இரு ஊருக்கும் நியாயம்தான். ஆனா மாவட்டம் தெற்கே கூடலூர், லோயர்கேம்ப் வரை நீளுதே! கூடலூர்க்காரர் தேனியையும் தாண்டிப் போகணும், ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது.

சர்வரை எங்கே வைக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் யார் காத்திருக்கணும்னு முடிவாகும் என்பது எங்க தொழில்ல பாலபாடம். கோர்ட்டும் அப்படித்தான். கட்டடம் போன இடத்துக்கு வக்கீல் ஆபீஸ், நோட்டரி, ஜெராக்ஸ் கடை எல்லாம் பின்னாலேயே போயிடும். கட்சிக்காரர் வயக்காட்டைத் தூக்கிட்டுப் போக முடியாது.

பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லை, வக்கீலும் இல்லை என்றால் வாதியின் வழக்கு தள்ளுபடி; பிரதிவாதி என்றால் எக்ஸ்பார்ட்டி. தாத்தா அதுக்குப் பயந்தே முதல் பஸ்ஸைப் பிடிப்பார்.