எண்ணெய்க் கம்பெனிக்காகப் பிறந்த சட்டம்

"அக்கா, டெலவேர்ல பதிஞ்சா வரியே கிடையாதாமே?" நியூ ஜெர்சியில் கடை போட நினைக்கும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். வாடகை எவ்வளவு, மாவு எங்கே அரைப்பது என்பதெல்லாம் அப்புறம். சிறு கடைகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். எல்.எல்.சி. எனப்படும் வரம்புள்ள பொறுப்புக் கம்பெனி யாருக்காக வந்தது என்று தெரிந்தால் அதை எங்கே பதிவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும் என்பதால், அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுவேன்.

டென்வரில் ஹாமில்டன் பிரதர்ஸ் என்று ஓர் எண்ணெய்க் கம்பெனி. வட கடலின் பிரிட்டன் பகுதியில் 1975இல் முதன்முதலாக எண்ணெய் எடுத்தவர்கள் இவர்கள்தான். வெளிநாட்டு வேலைகளுக்குப் பனாமா நாட்டு 'லிமிடாடா' என்ற அமைப்பை வைத்திருந்தார்கள். தொழில் நொடித்தாலும் பங்காளியின் சொந்தச் சொத்தில் கை வைக்க முடியாது. லாபத்துக்குக் கம்பெனி ஒரு வரி, பங்காளி ஒரு வரி என்று இரண்டு முறை கட்டவும் வேண்டாம். அமெரிக்காவில் அப்போது இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது. கார்ப்பரேஷன் என்றால் இரட்டை வரி. பார்ட்னர்ஷிப் என்றால் வீடு வாசல் பணயம். 1958இல் வந்த எஸ் கார்ப்பரேஷன் இரண்டையும் தந்தாலும், அதில் இன்னொரு கம்பெனியோ வெளிநாட்டில் வசிக்கும் வெளிநாட்டவரோ பங்குதாரராக முடியாது.

லிமிடாடாவைப் போல ஒன்றை உள்ளூரிலேயே கொண்டுவர ஹாமில்டனின் ஆட்கள் முதலில் அலாஸ்காவை அணுகினார்கள். மசோதா தேறவில்லை. அடுத்துப் போன இடம் வயோமிங். அங்கே 1977 மார்ச்சில் எல்.எல்.சி. சட்டம் ஆகிவிட்டது. மக்கள் இயக்கம் ஏதும் இல்லை, சிறு வியாபாரி யாரும் கேட்கவும் இல்லை. ஒரு கம்பெனியின் தேவை, ஒரு சிறிய மாநிலத்தின் சம்மதம், அவ்வளவுதான்.

அந்த முதல் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கம்பெனியின் ஆயுளுக்கு 30 ஆண்டு வரம்பு. ஒரு பங்காளி இறந்தாலோ விலகினாலோ, மற்ற எல்லோரும் சம்மதித்தால் ஒழியக் கலைந்துவிடும். பங்கை வாங்கியவர் முழுப் பங்காளி ஆவதற்கும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். ஏன் இத்தனை கெடுபிடி? கார்ப்பரேஷனுக்கு நான்கு அடையாளங்களை வரித்துறை வைத்திருந்தது: தொடர்ந்து நிலைத்திருப்பது, நிர்வாகம் ஓரிடத்தில் குவிந்திருப்பது, பொறுப்பு வரம்புக்குள் இருப்பது, பங்கைத் தடையின்றிக் கைமாற்றுவது. இவற்றில் இரண்டுக்கு மேல் தென்பட்டால் கார்ப்பரேஷன் வரி. அதில் மாட்டாதபடி அளந்து வெட்டிய சட்டம் இது. எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனத்தை நான் உண்மையிலேயே மதிக்கிறேன்.

வரித்துறையோ இரண்டு மனதாக இருந்தது. 1980 நவம்பரில் ஹாமில்டனுக்குச் சாதகமாகத் தனிக் கடிதம் கொடுத்தது. அதே வாரம், பங்காளிகளில் ஒருவருக்கும் சொந்தப் பொறுப்பு இல்லாத அமைப்பைப் பார்ட்னர்ஷிப்பாக ஏற்க முடியாது என்று பொது விதி ஒன்றையும் முன்வைத்தது. பிறகு யார் துணிந்து பதிவார்கள்? 1982இல் ஃப்ளோரிடா மட்டும் வயோமிங்கைப் பின்பற்றியது. 1988இல் வரித்துறை வயோமிங் எல்.எல்.சி.யைப் பார்ட்னர்ஷிப் என்று வெளிப்படையாக ஏற்றதும் அணை உடைந்தது. டெலவேர் 1992இல் சட்டம் போட்டது. 1996க்குள் ஐம்பது மாநிலங்களும் வந்துவிட்டன. 1997இலிருந்து படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும், எந்த வரி முறை என்பதை நாமே தேர்ந்துகொள்ளலாம்.

டெலவேரின் பெயர் இதற்கெல்லாம் முந்தியது. பெரிய கம்பெனிகள் முதலில் குவிந்த இடம் எங்கள் நியூ ஜெர்சிதான். ஆளுநர் உட்ரோ வில்சன் 1913இல் ஏகபோகத்துக்கு எதிராகக் கடுமையான சட்டங்கள் கொண்டுவர, கம்பெனிகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெலவேருக்கு நகர்ந்தன. அங்கே 1792இலிருந்து இயங்கும் சான்சரி நீதிமன்றம் கம்பெனி வழக்குகளில் ஊறிப்போனது. ஆயிரக்கணக்கான பங்குதாரர்கள் உள்ள இடத்தில் அது பெரிய பலம்.

எடிசன் ஊரின் ஓக் ட்ரீ ரோட்டில் இட்லி விற்பவருக்கு அதனால் என்ன? வரி, வியாபாரம் நடக்கும் இடத்தில். டெலவேரில் பதிந்தால் அங்கே ஆண்டுக்கு 300 டாலர், முகவருக்குத் தனிக் கட்டணம். இங்கே கடை நடத்த நியூ ஜெர்சியிலும் பதிந்து, ஆண்டறிக்கைக்கு 75 டாலர் கட்டியே ஆக வேண்டும். கலிபோர்னியாவின் 800 டாலர் ஆண்டு வரிக்குப் பயந்து வயோமிங் போகிறவர்களுக்கும் இதே கதைதான். வியாபாரம் கலிபோர்னியாவில் என்றால் அந்த 800 துரத்தி வரும். நியூயார்க்கில் இரண்டு பத்திரிகைகளில் ஆறு வாரம் அறிவிப்புப் போட வேண்டும். வெளி மாநில எல்.எல்.சி. அங்கே தொழில் செய்யப் பதிந்தாலும் விலக்கு இல்லை.

ஆகவே கடை இருக்கும் மாநிலத்திலேயே பதியுங்கள் என்றுதான் சொல்கிறேன். வெளி முதலீட்டாளர் வருகிறார் என்றால் மட்டும் டெலவேரைப் பேசலாம். பங்காளிகளாக வருகிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, இறப்பு, விலகல் என்று அந்தப் பழைய வயோமிங் சட்டம் தானே முடிவு சொல்லிவைத்த விஷயங்களில் தங்கள் பதிலை எழுதச் சொல்வேன். இன்றைய சட்டங்கள் அவற்றைப் பெரும்பாலும் பங்காளிகளின் ஒப்பந்தத்துக்கே விட்டுவிடுகின்றன. ஒருவர் இறந்தால் அவர் பங்கு மனைவிக்கா, மற்றவருக்கா? ஒருவர் ஊர் திரும்பினால் கடைப் பெயர் யாருக்கு? கிரைண்டர் வாங்கிய கடனை யார் அடைப்பது?